மாராவா, குரூகரா, சோபேயா? காட்டுயிர் ஒளிப்படத்துக்கு ஓர் ஒப்பீடு

ஆப்பிரிக்காவுக்குக் கேமராவோடு புறப்பட எண்ணுகிறவர்களில் பலர், சிங்கம் எங்கே அதிகம், சிறுத்தை எங்கே எளிதாகக் கண்ணில் படும், வைல்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான்) கூட்டம் எந்த மாதம் ஆற்றைக் கடக்கும் என்று விலங்குகளை வைத்தே இடத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது சரியான வழிதான். படம் எடுக்கப் போகிறவருக்கோ அந்தப் பட்டியல் பாதி விவரத்தைத்தான் தருகிறது. கென்யாவின் மசாய் மாரா, தென்னாப்பிரிக்காவின் குரூகர், நமீபியாவின் எட்டோஷா, போட்ஸ்வானாவின் சோபே ஆகிய நான்கிலும் சிங்கமும் யானையும் சிறுத்தையும் இருக்கின்றன. கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும், வண்டி தடத்தை விட்டு இறங்கலாமா, நிறுத்திய இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், அப்போது வெயில் எந்தக் கோணத்தில் விழும், பக்கத்து இருக்கையில் யார் இருப்பார்கள் என்பவற்றில்தான் இவை வேறுபடுகின்றன. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை இவையே என்பதால், இந்த ஒப்பீட்டில் விலங்குகளைவிட இவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். படுத்திருக்கும் ஒரு சிங்கத்தின் கண்ணைவிட உங்கள் கேமரா 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் லென்ஸ் ஏறத்தாழ 14 பாகை கீழ்நோக்கிச் சாய்கிறது. 40 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்தச் சாய்வு 3 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 8 மீட்டரிலிருந்து 120 மி.மீ. லென்ஸும், 40 மீட்டரிலிருந்து 600 மி.மீ. லென்ஸும் ஒரே அளவான காட்சியை, அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர் அகலத்தை, சட்டத்துக்குள் கொண்டுவருகின்றன. இரண்டிலும் சிங்கம் ஒரே அளவில்தான் தெரியும். ஆனால் முதல் படத்தில் அதன் முதுகும் பின்னாலுள்ள புல்தரையும் தெரியும். இரண்டாவதில் அதன் கண்ணும், எங்கோ தொலைவில் கலங்கித் தெரியும் மரவரிசையும் தெரியும். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்” என்று ஓட்டுநரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் படத்துக்குக் கெடுதல் செய்வதாகவே முடிகிறது. உயரமான வண்டியில் நீண்ட லென்ஸ் இல்லாமல் போகிறவருக்கும், தாழ்வான படகில் நடுத்தர லென்ஸோடு போகிறவருக்கும் கிடைக்கும் படங்கள் ஏன் அவ்வளவு வேறுபடுகின்றன என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மசாய் மாரா என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலப்பரப்பு உண்மையில் இரண்டு வகையானது. ஒன்று, சுமார் 1,510 சதுர கி.மீ. பரப்புள்ள தேசியக் காப்பகம். மற்றொன்று, அதன் வடக்கிலும் கிழக்கிலும் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் கன்சர்வன்சிகள். ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்து சேரும் லட்சக்கணக்கான வைல்டபீஸ்ட்கள் மாரா ஆற்றைக் கடக்கும் புகழ்பெற்ற காட்சிகளில் பெரும்பாலானவை காப்பகத்துக்குள் நிகழ்பவை. அந்தக் காட்சிக்காகப் போகிறவர், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2024 ஜூலை முதல், வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். ஒரு நுழைவுச்சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே செல்லும். தடத்தை விட்டு வண்டியை இறக்கக் கூடாது.

ஆற்றுக் கடப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இந்த 200 டாலரின் மதிப்பை எடைபோட முடியும். கூட்டம் கரைமேட்டில் வந்து குவியும். முன்வரிசை விலங்குகள் தண்ணீரை முகர்ந்து பார்க்கும். ஒரு வரிக்குதிரை மிரண்டு திரும்பும். அதோடு மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்வாங்கும். இது ஒரே முற்பகலில் பல முறை நடக்கலாம், கடைசி வரை கடக்காமலே போகவும் செய்யலாம். கரையிலிருந்து தள்ளி வரிசை கட்டிக் காத்திருக்கும் வண்டிகள், முதல் விலங்கு இறங்கியதும் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்கி விளிம்புக்கு விரையும். அந்த அரை நிமிடத்தில் உங்கள் ஓட்டுநர் பிடிக்கும் இடம்தான் அன்றைய படம். எதிர்க்கரையா இக்கரையா, வெயிலுக்கு முகம் காட்டியா முதுகு காட்டியா என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடும். நீங்கள் கேமரா அமைப்பை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும், முன்னால் நிற்கும் வண்டியின் கூரையும் அதன்மேல் நீட்டிய கைகளும் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து நாட்களாவது கையில் இருந்து, வண்டியும் உங்களுக்கே உரியதாக இருந்தாலொழிய, ஆகஸ்ட் மாதக் காப்பகத்தை ஒளிப்படத்துக்கென்று தேர்ந்தெடுக்கும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

கன்சர்வன்சிகளின் கணக்கு வேறு. ஓலாரே மோடோரோகி, நபொய்ஷோ, மாரா நார்த் போன்றவற்றில் அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் அனுமதி. ஒரு விலங்கைச் சுற்றிப் பொதுவாக 5 வண்டிகளுக்கு மேல் நிற்க விடுவதில்லை. தடத்தை விட்டு இறங்கலாம். இருட்டிய பிறகும் வண்டி ஓட்டலாம். தடத்தை விட்டு இறங்கலாம் என்பதன் பொருள், விலங்கை நெருங்கலாம் என்பதல்ல, அதைச் சுற்றி வரலாம் என்பது. குன்றுமேல் அமர்ந்திருக்கும் சிவிங்கிப்புலியின் (சீட்டா) வலப்பக்கம் போய் வெயிலை முதுகில் வாங்கிக்கொள்வதா, இடப்பக்கம் போய் அதன் மயிரோரங்களில் ஒளி கோடு போடும்படி எதிர்வெயிலில் எடுப்பதா என்ற தேர்வு அப்போதுதான் உங்களிடம் வருகிறது. கென்யாவில் பரவலாக உள்ள கூரை உயர்த்தும் லேண்ட் குரூசரில் எழுந்து நின்றால் கேமரா மிக உயரத்துக்குப் போய்விடும். பக்கக் கண்ணாடியை முழுதும் திறந்து, அதன் விளிம்பில் லென்ஸைத் தாங்க அரிசிப் பையை வைத்து, அமர்ந்தபடி எடுப்பதே நல்லது. பக்கங்கள் முழுவதும் திறந்த ஒளிப்பட வண்டிகளை வைத்திருக்கும் முகாம்களும் உண்டு. முன்பதிவின்போதே அதைக் கேட்டுவிட வேண்டும்.

மாராவுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய ஒன்று வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை தெற்கே இருக்கும் இடம் அது. சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக எழுவதால் பொன்னிற ஒளி விரைவில் வெளுத்துவிடுகிறது. ஆகஸ்ட் நண்பகலில் சூரியன் 70 பாகைக்கும் மேலே நிற்கும். மாறாக, 25 பாகை தெற்கே உள்ள குரூகரில் ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகலில்கூட அது ஏறத்தாழ 45 பாகையைத் தாண்டுவதில்லை. மாராவில் காலை எட்டரை மணிக்குக் கேமராவை இறக்கி வைக்கத் தோன்றும் அளவுக்குக் கண்களுக்குக் கீழே நிழல் விழத் தொடங்கும். தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில் பத்து மணிக்குக்கூட விலங்கின் முகத்தில் ஒளி பக்கவாட்டிலிருந்து விழும். ஒரு நாளில் படம் எடுக்கத் தகுந்த நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டால், இந்த வேறுபாடு இரண்டு கூடுதல் நாட்களுக்குச் சமமாகிவிடுகிறது. மாராவின் பிற்பகல் மழைமேகங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன; கருத்த வானத்தின் முன் வெயில் பட்டு நிற்கும் ஒட்டகச்சிவிங்கி வேறெங்கும் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

குரூகர் தேசியப் பூங்கா ஏறத்தாழ 19,500 சதுர கி.மீ. பரப்புள்ளது, 1926-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே நீங்களே வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் வழக்கம் என்பதால் நம்மவருக்குத் தடுமாற்றம் குறைவு. சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40 கி.மீ. வேக வரம்பு. குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. சன்னலுக்கு வெளியே உடலை நீட்டவும் கூடாது. வண்டியைத் தடத்தை விட்டு இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு ஈடாகக் கிடைப்பது நேரம். ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சபி முகாமுக்கு ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையில், ஒரு மீன்கொத்தி உட்காரும் கிளையைக் கண்டுவிட்டால், அங்கேயே முழுக் காலைப் பொழுதையும் கழிக்கலாம், “அடுத்து எங்கே?” என்று கேட்க யாரும் இல்லை. சிறிய காரின் சன்னல் சஃபாரி வண்டியைவிடத் தாழ்ந்தது என்பதும் ஒரு கொடை. சாலையோரத்தில் படுத்திருக்கும் சிங்கத்தின் கண்மட்டத்துக்கு அது நெருங்கிவிடுகிறது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரையான மழைக்காலத்தில் புல் உயர்ந்துவிடும்போது அதே தாழ்வு இடைஞ்சலாகும். அதனால் சொந்தமாக ஓட்டிச் செல்கிறவருக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையே பொருத்தமான காலம்.

குரூகரின் பெருங்குறை, நல்ல காட்சிகள் சாலையிலிருந்து எட்டாத தூரத்தில் இருந்துவிடுவது. இன்னொன்று, சிங்கம் தெரிந்துவிட்டால் சேரும் கார் வரிசை. உங்கள் முறை வரும்போது அது எழுந்து புதருக்குள் போயிருக்கும். ஒருவர் மட்டுமே படம் எடுப்பவர் என்றால், ஸ்டியரிங் இருக்கும் வலப்பக்கத்தில் விலங்கு வந்தால்தான் அவருக்கு வசதி. இருவராகப் போனால் பக்கத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம், மூன்றாமவர் வந்தால் பின்னிருக்கையில் அவரது முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பூங்காவுக்குள் உள்ள முகாம்களிலேயே தங்குவது மிக முக்கியம். கோடையில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், முகாம்களின் வாயில் காலை 4.30 மணிக்கே திறந்துவிடும்; வெளியே தங்கியிருப்பவர் பூங்காவின் நுழைவாயில் திறக்கும் 5.30 வரை காத்திருக்க வேண்டும். ஒளிப்படக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்குகுசா அருகிலுள்ள லேக் பேனிக் மறைவிடம் (ஒளிந்திருந்து பறவை பார்க்கும் குடில்), காரிலேயே அடைந்து கிடந்த முதுகுக்கும் பறவை எடுப்பவருக்கும் ஒருசேர நல்லது.

குரூகரின் மேற்கு எல்லையை ஒட்டி, நடுவில் வேலி ஏதுமின்றி, சபி சாண்ட் என்ற தனியார் காப்பகம் இருக்கிறது. விலங்குகள் இருபுறமும் போய்வருகின்றன, விதிகள்தான் போய்வருவதில்லை. கூரையில்லாத திறந்த வண்டி, முகப்பில் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர், ஒரு காட்சியில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் இல்லாத ஒழுங்கு, சிறுத்தையைப் பின்தொடர்ந்து புதருக்குள் இறங்கும் உரிமை ஆகியவை அங்கே உண்டு. பல பத்தாண்டுகளாக வண்டிகளைப் பார்த்துப் பழகிவிட்ட சிறுத்தைகள் என்பதால் அவை வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. சிறுத்தைதான் உங்கள் விருப்பம் என்றால், உலகில் இதற்கு நிகரான இடம் அரிது என்றே சொல்வேன். விலை கடுமையானது, ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் விடுதிகள் பல. அவ்வளவு கொடுத்தும், அதே வண்டியில் தேன்நிலவுத் தம்பதியரும், அலைபேசியில் இரண்டு படம் எடுத்ததும் காபிக்குக் கிளம்பத் துடிக்கும் ஒரு குடும்பமும் உடன் இருப்பார்கள். தனி வண்டிக்குக் கூடுதல் தொகை தர முடியாவிட்டால், ஓட்டுநருக்கு நேர் பின்னாலுள்ள தாழ்வான வரிசையையாவது கேட்டு வாங்க வேண்டும். பின்வரிசைகள் படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும்.

எட்டோஷா வேறொரு மனநிலைக்கான இடம். 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் நடுவில் ஏறத்தாழ 4,800 சதுர கி.மீ. அளவுக்கு உப்புப் படுகை பரந்து கிடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை நீர்க்குழிகளைத் தவிர வேறெங்கும் தண்ணீர் இல்லாததால், விலங்கைத் தேடி அலையாமல் நீர்க்குழி அருகே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வெண்புழுதி பூசிய யானை, வெளிறிய தரையில் கருத்த கொம்போடு நிற்கும் ஓரிக்ஸ் மான், அடிவானம் வரை ஒன்றுமே இல்லாத பின்புலம் என்று எளிமையான படங்களை விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒக்கௌகுவேஜோ முகாமில், தாழ்ந்த சுவருக்கு அப்பால், இரவு முழுவதும் விளக்கொளியில் இருக்கும் நீர்க்குழிக்குக் கறுப்புக் காண்டாமிருகங்கள் வருகின்றன. முக்காலியைச் சுவரோரம் நிறுத்தி, அது குனிந்து நீர் அருந்தும் அசைவற்ற சில நொடிகளுக்குக் காத்திருந்தால், மெதுவான ஷட்டர் வேகத்திலும் அதன் பிம்பம் தண்ணீரில் தெளிவாக விழும். இந்தப் பூங்காவில் எருமையும் நீர்யானையும் முதலையும் இல்லை. நண்பகலில் வெப்ப அலைகள் எழத் தொடங்கினால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தூரத்து விலங்கைக் குழம்பாகத்தான் காட்டும். அப்போது நெருக்கத்தில் இருப்பவற்றை மட்டும் எடுக்கலாம், அல்லது தூங்கலாம்.

இனி சோபே. உயரத்தைப் பற்றி மேலே சொன்ன கணக்கு முற்றிலும் நமக்குச் சாதகமாகும் இடம் இது ஒன்றுதான். காசானே நகரிலிருந்து புறப்படும் ஒளிப்படப் படகுகளில் சுழலும் நாற்காலியும், அதன் முன்னே லென்ஸைத் தாங்கும் கிம்பல் தலையும் பொருத்தப்பட்டிருக்கின்றன. கேமரா தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. யானை கரைமேட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் விலங்கைக் குனிந்து பார்க்கும் நாம் இங்கே நிமிர்ந்து பார்க்கிறோம். வறண்ட மாதங்களில் யானைக் கூட்டங்கள் செடுடு தீவுக்கு நீந்திக் கடக்கும்போது, தும்பிக்கை மட்டும் மேலே தெரிய ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையை அதே மட்டத்திலிருந்து எடுக்கலாம். (இந்தச் சிறு தீவுக்காகப் போட்ஸ்வானாவும் நமீபியாவும் பன்னாட்டு நீதிமன்றம் வரை போய், 1999-இல் அது போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பானது, யானைகள் எப்போதும்போல் இரு கரைக்கும் போய்வருகின்றன.) ஆறு அங்கே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, பூங்கா தென்கரையில். குளிர்காலத்தில் சூரியன் வடவானத்தில் நகர்வதால், ஆற்றில் இருக்கும் படகுக்குப் பின்னாலிருந்தே பகல் முழுதும் வெயில் கரையின்மேல் விழுகிறது. மீன்கழுகு, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நீர்யானை, முதலை எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்று சொல்லத்தக்க அளவில் கிடைக்கும். ஆனால் படகிலிருந்து கரையோரம் மட்டும்தான் தெரியும். மூன்று நாட்களுக்குப் பிறகு படங்கள் ஒன்றுபோல் ஆகத் தொடங்கும். எனவே சோபேயை முழுப் பயணமாக அல்லாமல், வேறொன்றோடு சேர்த்துக்கொள்ளும் பகுதியாகவே கருதுகிறேன்.

நடந்து சென்று எடுக்க விரும்புகிறவருக்கு ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவும் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸும் இருக்கின்றன. முன்னதில் செப்டம்பர், அக்டோபரில் ஆற்றங்கரை மண்சுவர்களில் கூடு குடையும் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகளின் கூட்டம் ஒன்றுக்காகவே போகலாம். முழங்காலிட்டு எடுக்கும் கோணத்துக்கு எந்த வண்டியும் ஈடாகாது. ஆனால் கனமான லென்ஸைச் சுமந்து நடப்பதும், வழிகாட்டியின் சைகைக்கு உடனே பணிவதும் முதல் பயணத்தில் எல்லோருக்கும் இயல்பாக வந்துவிடுவதில்லை. இவற்றை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடத்தைப் போலவே, அங்கே போய்ச் சேரும் வழியும் கருவியைத் தீர்மானிக்கிறது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில், கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் பொதுவான வரம்பு. பையும் மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஒன்றே 3 கிலோ. 200–600 போன்ற ஜூம் லென்ஸ் 2 கிலோவைச் சற்றே தாண்டும். வண்டியை நகர்த்த முடியாத இடங்களில் ஜூம்தான் உதவும் என்பதால், அது உள்ளே விடும் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் இதையே பரிந்துரைப்பேன். நைரோபியிலிருந்து சாலை வழியாகப் போனால் ஐந்தாறு மணி நேரம் குலுங்க வேண்டும். ஆனால் எடை வரம்பு இல்லை, அதே வண்டியும் ஓட்டுநரும் கடைசி வரை உங்களோடு இருப்பார்கள். அரிசிப் பையை வெறுமையாக எடுத்துச் சென்று அங்கே நிரப்பிக்கொள்ளலாம். மழைக்கும் புழுதிக்கும் துணியுறையைக் கொண்டுபோங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, 200–600 லென்ஸ் ஒன்று வைத்திருந்து முதன்முறையாகப் போகும் ஒருவருக்கு என் தேர்வு, பிப்ரவரியிலோ ஜூனிலோ மாராவின் கன்சர்வன்சி ஒன்றில், படம் எடுக்கும் நண்பர்கள் மூவர் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் தனி வண்டியோடு, இடம் மாறாமல் ஐந்து இரவுகள். ஆற்றுக் கடப்பு கிடைக்காது. சிங்கம், சிவிங்கிப்புலி, குட்டிகள், வேட்டை ஆகியவற்றை விருப்பமான கோணத்திலிருந்து எடுக்க நேரம் கிடைக்கும். செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஜூலையில் குரூகர், இருவர், ஒரு சிறிய கார். பணம் மிஞ்சினால் முடிவில் இரண்டு இரவு சபி சாண்டில். பொறுமையே உங்கள் பலம் என்றால் குரூகருக்குப் பதில் எட்டோஷா. ஏற்கெனவே சிங்கமும் சிறுத்தையும் போதுமான அளவுக்கு எடுத்துவிட்டவர் சோபேயில் மூன்று நாட்களைக் கழித்துவிட்டு அங்கிருந்து வேறு பூங்காவுக்குப் போகலாம். ஆறு நாட்களில் மூன்று பூங்காக்கள் என்று விற்கப்படும் சுற்றுலாத் தொகுப்பு எதையும் ஒளிப்படத்துக்காக வாங்க வேண்டாம். நல்ல ஒளி இருக்கும் நேரங்கள் நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் சுற்றுலா நடத்துநரிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டியவை: வண்டியில் ஆளுக்கொரு சன்னல் வரிசை முழுதாகக் கிடைக்குமா, கண்ணாடி முழுவதும் இறங்குமா, காலையில் உணவைப் பெட்டியில் கொடுத்து விடியலுக்கு முன்பே அனுப்புவார்களா, படம் எடுக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவார்களா. கென்யா செல்கிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. கென்யாவிலிருந்து நேராகத் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்கிறவரிடம் அங்கும் அதே சான்றிதழைக் கேட்பார்கள் என்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் இணைப்பவர் அதைப் பெட்டிக்குள் போடாமல் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.